கை தூக்கிய ஏழு பேர்

ஜூலையில் ஒரு வியாழக்கிழமை, அதிகாலை 2.50. ஒரு நாடகக் குழுவின் வாட்ஸ்அப்பில் அடுத்தடுத்து 43 செய்திகள் வந்து விழுந்தன. பன்னிரண்டு பகுதி வலைத்தொடருக்கான திட்டம் அது. கதைச்சுருக்கம், நடிகர் பட்டியல், ஸ்பான்சர் கேட்டு ஏறி இறங்க வேண்டிய கடைகள், நடுவில் ஆறு நிமிடக் குரல்பதிவு. காலை எட்டு மணிக்குள் ஆறு பேர் நெருப்பும் கைதட்டலும் போட்டுவிட்டார்கள். ஏழாவது ஆள் குழுவின் கணக்கு வழக்கைப் பார்க்கும் அக்கா. பாலர் பள்ளி ஆசிரியர். வேலைக்குப் போகும் பேருந்தில் உட்கார்ந்து அத்தனையையும் படித்துவிட்டு ஒரே வரி எழுதினார்: "தம்பி, நேத்து நீ தூங்குனியா?"

அதற்கப்புறம் இரண்டு மணி நேரம் அந்தக் குழுவில் யாரும் வாய் திறக்கவில்லை.

ஏற்றமும் இறக்கமுமாக வரும் ஒரு மனநோயைச் சுற்றியிருப்பவர்களின் கைதட்டல் எப்படி மறைத்துவிடும் என்பதுதான் இங்கே நான் எழுதுவது. இது தனி ஒருவருடைய கதை அல்ல. சிங்கப்பூரில் தமிழ்க் குடும்பங்களுக்கு ஆலோசகராக இருந்து நான் பார்த்த சிலரைச் சேர்த்து, வயது, வேலை, வட்டாரம் எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறேன். பெயர் வைக்கவில்லை. குழுவில் எல்லாரும் அவரைத் தம்பி என்றுதான் கூப்பிட்டார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன்.

தம்பிக்கு 29 வயது. ஈசூனில் அம்மாவோடு நான்கறை வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் இருக்கிறார். உட்லண்ட்ஸில் ஒரு மின்னணுச் சில்லு (சிப்) தொழிற்சாலையில் டெக்னீஷியன். பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட், இரண்டு வாரம் பகல், இரண்டு வாரம் இரவு. நாடகக் குழுவில் அவரோடு சேர்த்து எட்டுப் பேர். பாதிப் பேர் பாலிடெக்னிக் காலத்துக் கூட்டாளிகள். தலைவர் 41 வயது அண்ணன் ஒருவர், நல்ல மனிதர், கொஞ்சம் சத்தமாகப் பேசுவார். ஆண்டுதோறும் ஏப்ரலில், தமிழ்மொழி விழா நடக்கும் சமயத்தில் ஒரு நாடகம் போடுவார்கள். ஒத்திகை ஒரு சமூக மன்றத்தின் மூன்றாம் மாடி அறையில். அறையை மூடிய பிறகு கோப்பிக் கடையில் தொடரும்.

மார்ச்

தம்பி ஒப்புதல் கொடுத்தபின் அவருடைய கைப்பேசியை மேசையில் வைத்து, மார்ச் மாதச் செய்திகளை இருவருமாகப் படித்தோம். மாதத்தின் முதல் நான்கு நாளில் அவர் எழுதியது ஒன்பது செய்தி. ஐந்தாம் தேதி இரவு ஷிஃப்ட் தொடங்குகிறது. எட்டாம் தேதியிலிருந்து ஒரு நாளைக்கு அறுபது, எழுபது. காலையில் வேலை முடிந்து வந்து படுப்பதில்லை. மூன்று மணி நேரம் தூங்கினால் போதும், களைப்பே தெரியவில்லை என்று அவரே பெருமையாக எழுதியிருக்கிறார். நாடகத்தை இரண்டு முறை முழுதாக மாற்றி எழுதினார். இரண்டாம் முறை எழுதியது உண்மையிலேயே நன்றாக இருந்தது, நானும் படித்தேன். இதைச் சொல்லாமல் விட்டால் இந்த வழக்கே புரியாது.

குழுவின் பதில்களும் அதே திரையில் இருந்தன. "நீதான்டா எங்க எஞ்சின்." "தூங்காத சிங்கம்." தலைவர் அண்ணன் மற்றவர்களுக்கு எழுதியது: "தம்பியப் பாத்துக் கத்துக்கிடுங்க, ஷிஃப்ட் வேலை செஞ்சிக்கிட்டே எவ்வளவு செய்றான்."

மார்ச் மூன்றாம் வாரம் ஒரு கூட்டம். 4,000 வெள்ளிக்குள் முடிக்க நினைத்த நாடகத்துக்கு மேடை அகலத்துக்கு எல்இடி திரை வேண்டும் என்றார் தம்பி. கூடுதல் செலவு 6,800 வெள்ளி. டிக்கெட் விற்று எடுத்துவிடலாம், அதுவரை என் கிரெடிட் கார்டில் இருக்கட்டும். தலைவர் சரி என்று கை தூக்கி, "யார் யாருக்குச் சம்மதம்?" என்று கேட்டார். ஏழு கைகளும் மேலே போயின. கணக்கு அக்காவின் கை உட்பட. "நூத்தி எண்பது பேர் உக்கார்ற அரங்கு. எல்லா டிக்கெட்டும் வித்தாலும் அந்தக் காசு வராதுன்னு எனக்கு அப்பவே தெரியும். எல்லார் கையும் மேல இருந்துச்சு, என் கையும் போயிடுச்சு," என்று பின்னால் என்னிடம் சொன்னார்.

நாடகம் நடந்தது. கைதட்டல் நல்ல கைதட்டல்தான். கடன் தம்பியின் பெயரில் நின்றது.

மே, ஜூன்

இதை நீட்டி எழுத எனக்கு விருப்பமில்லை. படித்தவர்களில் சிலர் இதை உள்ளிருந்தே அறிந்திருப்பார்கள். ஒரு காட்சி போதும். காலை ஏழு மணிக்கு அம்மா அறைக் கதவுக்கு வெளியே ஸ்டூலில் தேநீர் வைப்பார். பதினொரு மணிக்கு வந்து பார்த்தால் ஆடை படர்ந்து அப்படியே இருக்கும். எடுத்துக் கொட்டிவிட்டு, மறுபடி போட்டு வைப்பார். ஆறு வாரம் இப்படி. வேலைக்கு எம்சி (மருத்துவ விடுப்பு) போட்டுப் போட்டு எம்சியும் தீர்ந்துவிட்டது. குளிப்பது மூன்று நாளைக்கு ஒருமுறை. சாப்பாடு ருசிக்கவில்லை. எதற்கும் நானே காரணம் என்ற நினைப்பு.

குழுவில் முதல் வாரம் "ரெஸ்ட் எடு மச்சான்" என்றார்கள். மூன்றாம் வாரம் "படிச்சிட்டுப் பதில் போடாம இருக்கான், பாரு" என்றார்கள். ஐந்தாம் வாரம் ஒருவர் "வேலைன்னு வந்தா கால வாருற ஆளு" என்று எழுத, அதற்கு மூன்று பேர் கட்டைவிரல் காட்டினார்கள். அவர்களில் ஒருவர் ஒருமுறை நேரில் பார்த்துவிட்டு, விளையாட்டாகத்தான், "உட்பிரிட்ஜ்ல போயி சேரு" என்றாராம். உட்பிரிட்ஜ் என்பது இன்று மனநலக் கழகம் (ஐஎம்எச்) எனப்படும் சிங்கப்பூர் மனநல மருத்துவமனையின் பழைய பெயர். 1928இல் தொடங்கிய மனநோய் மருத்துவமனையின் வாரிசு அது. உட்பிரிட்ஜ் என்ற பெயர் 1951இல் வந்தது, 1993இல் இடமும் பெயரும் மாறின. முப்பது ஆண்டு கழித்தும் நம் ஆட்களின் வாயில் அந்தப் பழைய பெயர் வசைச்சொல்லாக ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

ஜூன் நடுவில் அம்மா அவரைப் பக்கத்துக் கிளினிக்குக்கு அழைத்துப் போனார். மருத்துவர் மனச்சோர்வு என்று கண்டு, அதற்கான மாத்திரை கொடுத்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. எதிரே உட்கார்ந்திருந்தவருக்கு இருந்தது மனச்சோர்வுதான். இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தது, ஒன்பது அறிகுறிகளில் ஐந்து இருந்தால் போதும் என்ற இடத்தில் ஏழு இருந்தது. "இதற்கு முன்னால் வழக்கத்துக்கு மாறான உற்சாகம் எப்போதாவது இருந்ததா?" என்றும் கேட்டிருக்கிறார். தம்பி இல்லை என்றார். பொய் சொல்லவில்லை. மார்ச் மாதத்தை அவர் நோய்க் கணக்கில் வைத்திருக்கவே இல்லை. வாழ்க்கையிலேயே தான் சரியாக இருந்த மாதம் என்று வைத்திருந்தார். ஏழு பேர் அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

மாத்திரை தொடங்கிய மூன்றாம் வாரத்தில்தான் அந்த 2.50 மணிச் செய்திகள்.

ஏற்றமும் இறக்கமும்

மார்ச்சில் தம்பிக்கு வந்தது ஹைப்போமேனியா, வழக்கத்துக்கு மாறாக மனமும் உடலும் பொங்கி ஓடும் நிலை. அதற்குத் தமிழில் ஆளுக்கொரு சொல் எழுதுகிறார்கள், எதுவும் எனக்குத் திருப்தியில்லை. தம்பியின் அம்மா "ஏத்தம்" என்றார். "அவன் அப்பாவுக்கும் வரும். ஏத்தம் வந்தா ராத்திரியில வீட்டுக்குப் பெயிண்ட் அடிப்பாரு." நான் அந்தச் சொல்லையே எடுத்துக்கொண்டேன்.

மனநோய்களைக் கண்டறிய மருத்துவர்கள் பார்க்கும் டிஎஸ்எம்-5 கையேடு ஏற்றத்துக்குச் சொல்லும் அளவு இது: குறைந்தது நான்கு நாள் தொடர்ந்து மனம் பொங்கியோ எரிச்சலாகவோ இருக்க வேண்டும், கூடவே சுறுசுறுப்பும் கூட வேண்டும். தூக்கத் தேவை குறைவது, பேச்சு பெருகுவது, எண்ணம் ஓடுவது, காசை வாரி விடுவது போன்ற ஏழு அறிகுறிகளில் குறைந்தது மூன்று இருக்க வேண்டும். எரிச்சல் மட்டும் என்றால் நான்கு. வேலையும் வாழ்க்கையும் குலைந்து போகும் அளவுக்கு, அல்லது மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்குப் போனால் அது முழு மேனியா. ஏற்றம் அதற்குக் கீழேயே நின்று, இறக்கம் முழு மனச்சோர்வாக வந்தால் இருதுருவக் கோளாறின் (பைபோலார்) இரண்டாம் வகை.

அந்தப் பட்டியலில் பலர் தாண்டிப் போய்விடும் ஒரு வரி உண்டு. மாற்றம் பிறர் கண்ணுக்கும் தெரிய வேண்டும் என்கிறது அது. அதாவது நோயின் ஒரு பாதிக்குச் சாட்சி நோயாளி அல்ல, சுற்றி இருப்பவர்கள். இறக்கத்தை அவரே கொண்டுவந்து சொல்வார், வலிக்கிறதே. ஏற்றத்தின் கதை வீட்டிலும் கூட்டாளிகளிடமும்தான் இருக்கிறது. அந்தச் சாட்சிகள் கூட்டமாக உட்கார்ந்து ஒரே குரலில் "இதுதான் உன் திறமை" என்று தீர்ப்பு எழுதிவிட்டால் மருத்துவர் என்ன செய்வார்? பாதி வரலாற்றை வைத்து மருந்து எழுதுவார். இருதுருவக் கோளாறு இருப்பவருக்கு மனச்சோர்வு மாத்திரையைத் தனியாகக் கொடுத்தால் சிலருக்கு அது ஏற்றத்தில் கொண்டுபோய் விடும்.

அபூர்வமான நோயும் இல்லை. சிங்கப்பூரில் 2016இல் நடந்த தேசிய மனநல ஆய்வின்படி பெரியவர்களில் 6.3 விழுக்காட்டினருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது மனச்சோர்வு நோய் வந்திருக்கிறது. இருதுருவக் கோளாறு 1.6 விழுக்காடு.

கண்ணில் தெரிந்தது, வாயில் வரவில்லை

குழு அழுத்தம் என்றாலே பள்ளிக்கூடப் போஸ்டரில் சிகரெட் நீட்டும் கை நினைவுக்கு வரும். இங்கே யாரும் எதையும் நீட்டவில்லை, மிரட்டவில்லை. எல்லாரும் தம்பிமேல் பாசமாக இருந்தவர்கள்.

உளவியலாளர் சாலமன் ஆஷ் 1951இல் வெளியிட்ட சோதனை தமிழில் அடிக்கடி எழுதப்படுவது, பெரும்பாலும் பாதிதான் எழுதப்படுவது. ஒரு கோட்டைக் காட்டி, அதே நீளமுள்ள கோடு மூன்றில் எது என்று கேட்பார்கள். சின்னப் பிள்ளையும் சொல்லிவிடும். அறையில் ஒருவரைத் தவிர மற்ற எல்லாரும் சொல்லிவைத்த ஆட்கள். 18 சுற்றில் 12 முறை வேண்டுமென்றே தவறான கோட்டைச் சொல்வார்கள். சோதனைக்கு வந்தவர்களில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேர் ஒருமுறையாவது கூட்டத்தோடு சேர்ந்து தவறாகச் சொன்னார்கள். "மனுசன் ஆட்டுமந்தை" என்று அத்தோடு முடித்துவிடுவது நம் வழக்கம். ஆனால் மொத்தப் பதில்களில் கூட்டத்துக்குத் தலையாட்டியவை மூன்றில் ஒரு பங்கு அளவுதான். மீதி மூன்றில் இரண்டு பங்கில் ஆட்கள் கண்ணில் பட்டதைத்தான் சொன்னார்கள். அதைவிட முக்கியமானது அடுத்து வருகிறது. கூட்டத்தில் ஒரே ஒருவர் சரியான பதிலைச் சொன்னால் போதும், தலையாட்டல் பத்தில் ஒன்றுக்கும் கீழே விழுந்துவிட்டது.

1955இல் டாய்ச், ஜெரார்ட் என்ற உளவியலாளர்கள் இருவரும் ஒத்துப்போவதில் இரண்டு வகையைப் பிரித்துக் காட்டினார்கள். ஒன்று, ஒதுக்கிவிடுவார்களோ என்ற பயத்தில் ஒத்துப்போவது. உள்ளே மனம் மாறாது, வாய் மட்டும் மாறும். மற்றது, இத்தனை பேருக்குத் தெரியாததா எனக்குத் தெரிந்துவிட்டது என்று மனதே மாறுவது. தம்பியின் குழுவில் இரண்டும் இருந்தன என்பது எனக்கு ஆகஸ்டில்தான் தெரிந்தது.

சீட்டுகள்

அக்கா கேட்ட அந்த ஒரு வரிக்கு இரண்டு மணி நேரம் கழித்து ஒருவர் பதில் போட்டார்: "எனக்கும் அதான்க்கா தோணுச்சு." அப்புறம் இன்னொருவர். மதியத்துக்குள் நான்கு பேர். தம்பிக்குக் கோபம் தலைக்கேறியது, பொறாமை பிடித்தவர்கள் என்று எழுதிவிட்டுக் குழுவிலிருந்து வெளியேறினார். அன்று மாலை அக்கா ஈசூனுக்குப் போய், அம்மாவோடு உட்கார்ந்து பேசி, மறுநாள் மூவருமாக என்னிடம் வந்தார்கள். நான் மனநலக் கழகத்தின் வெளிநோயாளிப் பிரிவுக்குக் கடிதம் எழுதினேன். அங்கே அம்மா சொன்ன அப்பாவின் பெயிண்ட் கதையும், அக்கா காட்டிய மார்ச் செய்திகளும் சேர்ந்துதான் நோய்க்கு இருதுருவக் கோளாறு என்ற பெயர் கிடைத்தது. மனச்சோர்வு மாத்திரையை மருத்துவர் படிப்படியாக நிறுத்தி, மனநிலையைச் சமமாக வைக்கும் லித்தியம் என்ற மருந்தைத் தொடங்கினார்.

ஐந்து வாரம் கழித்து, தம்பியே சம்மதித்து, குழுவை நேரில் கூப்பிட்டேன். அவர்கள் வந்து உட்கார்ந்ததுமே தலைவர் அண்ணன் பேசத் தொடங்கினார். நான் கை காட்டி நிறுத்தினேன். அவர் முதலில் பேசினால் மற்ற ஆறு பேரும் அதையே பேசுவார்கள். ஆஷே ஒரு மாறுதல் செய்து பார்த்தார்: பதிலை வாய்விட்டுச் சொல்லாமல் தாளில் எழுதச் சொன்னால் கூட்டத்தின் பிடி தளர்கிறது. ஆளுக்கொரு சீட்டு எழுதச் சொன்னேன். காகிதம் போதவில்லை, ஒருவர் டோட்டோ லாட்டரிச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதினார். கேள்வி இதுதான்: மார்ச்சில் தம்பியைப் பார்த்து உங்களுக்குக் கவலை வந்ததா? வந்தது என்றால், எப்போது?

ஏழு சீட்டில் ஆறில் "ஆமாம்".

"மார்ச் 9. வசனம் மறந்ததுக்குக் கத்துனாரு. அவரு கத்துற ஆள் இல்ல." "கார்பார்க்ல ஒரு மணி நேரம் பேசுனான். நான் ஒரு வார்த்தை பேச முடியல." டோட்டோ சீட்டில்: "கை நடுங்குது, ஆனா சிரிச்சிக்கிட்டே இருக்கான்." தலைவர் அண்ணனின் சீட்டைக் கடைசியில் படித்தேன். "வோட்டு எடுத்த அன்னிக்கு. யாராவது வேண்டாம்னு சொல்லுவீங்கன்னுதான் கேட்டேன்."

யாரும் யாரையும் பார்க்கவில்லை. கணக்கு அக்கா மட்டும் "அண்ணே, நீங்க முதல்ல கை தூக்கிட்டுக் கேட்டா எப்படிண்ணே?" என்றார்.

இதற்கு உளவியலில் பெயர் உண்டு, ஆங்கிலத்தில் pluralistic ignorance. கேட்ஸ், ஆல்போர்ட் என்ற இருவர் 1931இலேயே எழுதியது: உள்ளுக்குள் எல்லாரும் ஒன்றை நினைக்க, தான் மட்டும்தான் அப்படி நினைக்கிறோம் என்று ஒவ்வொருவரும் நம்புவது. சத்தமே இல்லாத ஒரு பொய்ச்சம்மதம். ஆறு பேர் முதல் வகை, வாய் மட்டும் மாறியவர்கள். "இல்லை" என்று எழுதிய ஏழாவது ஆள் பிப்ரவரியில் சேர்ந்த இளைய பெண். "அவரு எப்பவும் அப்படித்தான்னு நினைச்சேன்" என்றார். அது இரண்டாம் வகை. ஏற்றத்தில் மட்டுமே தம்பியைப் பார்த்த அவருக்கு வேறு அளவுகோல் இல்லை, மற்றவர்களின் கைதட்டலே அளவுகோல்.

அன்று தம்பி பேசியது ஒன்றுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. மே மாதத்தில் "கால வாருற ஆளு" என்று எழுதியதைப் படித்தபோது கோபம் வந்ததா என்று கேட்டேன். "இல்லீங்க. சரியாத்தான் சொல்றாங்கன்னு நினைச்சேன்." மனச்சோர்வில் ஒருவர் தன்னையும் உலகத்தையும் வருங்காலத்தையும் ஒருசேர இருட்டாகப் பார்ப்பதை மனநல மருத்துவர் ஆரன் பெக் விளக்கியிருக்கிறார். அந்த இருட்டுக்கு வெளியிலிருந்து ஆதாரம் கொடுத்தால் மறுக்கத் தெம்பிருக்காது. மார்ச்சில் குழு சொன்னதை நம்பியவர் மே மாதத்திலும் குழு சொன்னதையே நம்பினார். அந்த நாள்களில் "காலையில எந்திரிக்காமலே போயிட்டா நல்லாருக்கும்" என்று நினைத்ததாகவும் அன்றுதான் முதல்முறையாகச் சொன்னார். அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "இதையெல்லாம் வெளிய சொன்னா போலீஸ் வருமா?" என்று என்னிடம் தனியாகக் கேட்டார். வராது, நினைப்பது என்றைக்குமே குற்றமில்லை, தற்கொலை முயற்சியே 2020 ஜனவரி முதல் தேதியிலிருந்து இங்கே குற்றமில்லை என்று சொல்லி, 1767, 1771 என்ற இரண்டு மனநல உதவித் தொலைபேசி எண்களையும் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டச் சொன்னேன். எந்த நேரமும் எடுப்பார்கள்.

பிறகு

சிகிச்சையில் பெரிய வித்தை எதுவும் இல்லை. மருத்துவர் கடிதத்தின்பேரில் தம்பியின் வேலை பகல் ஷிஃப்ட்டுக்கு மாறியது. கடிதம் கொடுக்கவே பயந்தார், வேலை போய்விடுமோ என்று. நோயைக் காட்டி வேலையில் பாரபட்சம் காட்டக் கூடாது என்ற சட்டத்தை நாடாளுமன்றம் 2025 ஜனவரியில் நிறைவேற்றியது, மனநலப் பாதிப்பும் அதில் அடக்கம். சட்டம் இருப்பது வேறு, மேலாளர் அறைக் கதவைத் தட்டுவது வேறு. ஆனாலும் தட்டினார்.

லித்தியத்துக்கு அவ்வப்போது ரத்தப் பரிசோதனை வேண்டும். மருந்தின் அளவு, தைராய்டு, சிறுநீரகம் மூன்றையும் பார்ப்பார்கள். நம் ஊர் வெயிலில் வியர்த்துக் கொட்டி, தண்ணீர் குடிக்காமல் இருந்தால் ரத்தத்தில் மருந்து ஏறிவிடும். நினைத்தபோது உப்பைக் குறைப்பதும், மூட்டுவலிக்குக் கடையில் வாங்கும் சில வலி மாத்திரைகளும் அதையே செய்யும். தம்பியின் அம்மா சஷ்டிக்கு மகனையும் தண்ணீர்கூட இல்லாமல் விரதம் இருக்கச் சொல்வார். மருத்துவரிடம் கேட்டபின் இப்போது அம்மா மட்டும் இருக்கிறார்.

அந்த 6,800 வெள்ளியை எட்டாக வகுத்தார்கள். ஆளுக்கு 850. யோசனை தலைவர் அண்ணனுடையது. எல்லாரும் கை தூக்கியது என்றார். ஒத்திகை இப்போது இரவு ஒன்பதரைக்கு முடிகிறது, கோப்பிக் கடை கிடையாது. காசு விஷயத்தில் கை தூக்கும் பழக்கத்தை விட்டுவிட்டு சீட்டு எழுதிப் போடுகிறார்கள், தலைவர் சீட்டு கடைசியில்.

தம்பிக்கு மார்ச் மாதத்தின்மேல் இன்னும் ஏக்கம் இருக்கிறது. மறைக்கவில்லை. "அந்த வேகம் இனிமே வராதா?" என்று ஒவ்வொரு சந்திப்பிலும் கேட்கிறார். வரலாம், வந்தால் முதலில் அக்காவுக்குத் தெரியும் என்கிறேன். அவருக்கு இன்னும் அக்காமேல் கொஞ்சம் வருத்தம்தான். புது நாடகத்தில் நான்கு மாதமாக உட்கார்ந்து பதினொரு பக்கம் எழுதியிருக்கிறார். இரண்டாம் பாதி இழுக்கிறது என்று அக்கா சொல்லிவிட்டாராம். மற்ற ஆறு பேர் என்ன சொன்னார்கள் என்று கேட்டேன்.

"இன்னும் சீட்டைப் பிரிக்கல."